தேடலில் அகப்படாத சொற்கள்: தரவுத்தள வினவலில் மொழி-வட்டார அமைவும் தமிழ் எழுத்துத்தொடர்ப் பொருத்தமும் – தேனி மாவட்டப் பெயர்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ச் சொற்களைத் தரவுத்தளத்தில் தேடும்போது கிடைக்கும் விடை, தேடப்படும் சொல்லை மட்டும் சார்ந்ததன்று. எழுத்துகள் எவ்வாறு குறியாக்கம் பெற்றுள்ளன, தரவுத்தளம் எந்த மொழி-வட்டார அமைவில் நிறுவப்பட்டுள்ளது, தேடல் தோரணியை எழுதியவர் எதனை ஓர் எழுத்தெனக் கருதினார் என்பனவும் விடையை மாற்றுகின்றன. பழனிசெட்டிபட்டி, வீரபாண்டி, தேனி, உத்தமபாளையம் முதலிய தேனி மாவட்டப் பெயர்களைச் சான்றாகக் கொண்டு இச்சிக்கலை இக்கட்டுரை மூன்று அடுக்குகளாகப் பகுத்து விளக்குகிறது. மொழி-வட்டார அமைவு எவ்வடுக்கில் துணைசெய்யும், எவ்வடுக்கில் துணைசெய்யாது என்பதை வரையறுத்து, இலக்கிய, மொழியியல், ஊர்ப்பெயர் ஆய்வாளர் கைக்கொள்ளத்தக்க நெறிகளையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: மொழி-வட்டார அமைவு, ஒப்பீட்டு வரிசை, ஒருங்குறி, இயல்பாக்கம், தோரணிப் பொருத்தம், ஊர்ப்பெயர்.

1. முன்னுரை

'இச்சொல் இத்தொகுப்பில் பயிலவில்லை' என்னும் கூற்றுத் தமிழாய்வில் வலிமை வாய்ந்த சான்றாகக் கொள்ளப்படுகிறது. ஒரு சொல்லின் காலத்தை உறுதிசெய்யவும், ஒரு நூலின் மொழிநடையை வரையறுக்கவும், ஓர் ஊர்ப்பெயர் ஈற்றின் பரவலை அளவிடவும் அக்கூற்றுப் பயன்படுகிறது. அச்சிட்ட சொல்லடைவுகளை நம்பிய காலத்தில் அதன் பொறுப்பு அடைவைத் தொகுத்தவரிடம் இருந்தது. இன்று அப்பொறுப்பின் பெரும்பகுதி ஒரு வினவலிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. வினவல் விடை எதுவும் தராதபோது, சொல் உண்மையிலேயே இல்லையா, அன்றி இருந்தும் அகப்படவில்லையா என்பதைத் திரையைப் பார்த்து அறிய இயலாது.

லோகேல் என்று கணினித்துறையில் வழங்கும் மொழி-வட்டார அமைவு என்பது ஒரு மொழியையும் அது வழங்கும் நிலப்பகுதியையும் சேர்த்துக் கணினிக்கு அறிவிக்கும் ஏற்பாடு. யூனிக்ஸ் வழிவந்த இயக்குதளங்களில் இது பல பிரிவுகளாக அமையும். அவற்றுள் எழுத்துத்தொடர்த் தேடலுக்கு இரண்டு பிரிவுகள் இன்றியமையாதவை. ஒன்று, சொற்களை எவ்வரிசையில் அடுக்குவது என்பதைக் கூறும் ஒப்பீட்டு வரிசை. மற்றொன்று, எக்குறி எழுத்து, எக்குறி எண், எக்குறி நிறுத்தற்குறி என்பதைக் கூறும் எழுத்துவகை. தமிழுக்கு இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய வட்டாரங்களைச் சார்ந்த அமைவுகள் உள்ளன. எம்மொழியையும் சாராது, குறியெண் ஏறுவரிசையை மட்டும் பின்பற்றும் அமைவு 'சி' அமைவு எனப்படும்.

2. பொருத்தத்தின் அலகு

தமிழிலக்கணம் எழுத்தை ஒலியலகாகவும் வரிவடிவ அலகாகவும் காண்கிறது. மெய்யெழுத்துப் புள்ளியொடு நிற்பதே அதன் இயல்பு என்பது தொல்காப்பிய நூன்மரபின் கருத்து. புள்ளி நீங்கி அகரம் ஏறுதலும், உருவம் திரிந்து பிற உயிர்கள் ஏறுதலும் அதன் பின்னர் நிகழ்வன. ஒருங்குறியின் அமைப்பு இதற்கு நேரெதிரானது. அங்கே அகரமேறிய உயிர்மெய்யே அடிப்படை. புள்ளியும் ஏனைய உயிர்க்குறிகளும் அதனைத் தொடரும் தனிக்குறிகள். 'க' என்பதன் குறியெண் பதின்ம எண்ணில் 2965. 'க்' என்பது 2965, 3021 என்னும் இரு குறியெண்களின் தொடர். 'கா' என்பது 2965, 3006 என்பவற்றின் தொடர். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி குறியாக்கத்தின் வழிவந்த அமைப்பு இது.

பழனிசெட்டிபட்டி என்னும் பெயரை எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகும். இலக்கண நோக்கில் அதில் ப, ழ, னி, செ, ட், டி, ப, ட், டி என ஒன்பது எழுத்துகள் உள்ளன. ஒருங்குறி நோக்கில் அதில் 15 குறியெண்கள் உள்ளன. யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டு இடம் கொள்வதால் அப்பெயர் 45 பைட்டுகளில் சேமிக்கப்படுகிறது. ஆகவே 'நீளம் என்ன?' என்னும் வினாவுக்கு 9, 15, 45 என மூன்று விடைகள் உள்ளன. மூன்றும் தத்தம் நோக்கில் சரியானவை.

வினவல் மொழியின் 'லைக்' செயலி இரண்டு பொதுக்குறிகளைக் கொண்டது. '%' எத்தனை குறிகளுக்கும் ஈடாகும். '_' ஒரே ஒரு குறிக்கு ஈடாகும். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அமைந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் அந்த 'ஒரு குறி' என்பது ஒரு குறியெண். எனவே ஒன்பதெழுத்துப் பெயர்களைத் தேட ஒன்பது அடிக்கோடுகளை இடுபவருக்குப் பழனிசெட்டிபட்டி கிடைக்காது. 'க%' என்று தேடுபவருக்குக் கம்பம் மட்டுமன்றிக் காமயகவுண்டன்பட்டி, குச்சனூர், கூடலூர், கெங்குவார்பட்டி, கோம்பை ஆகியனவும் கிடைக்கும். ககர வருக்கம் முழுவதையும் வேண்டியவருக்கு இது நன்மை. அகரமேறிய ககரத்தை மட்டும் வேண்டியவருக்கு இது மிகை.

யாப்பாய்வில் இவ்வேறுபாடு மேலும் முதன்மை பெறுகிறது. கட்டளைக் கலித்துறை அடியில் ஒற்று நீக்கி எண்ணுங்கால் நேரசையில் தொடங்கின் 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கின் 17 எழுத்தும் அமையும். தரவுத்தளத்தின் நீளச் செயற்கூற்றினை நேரடியாகப் பயன்படுத்தினால் இக்கணக்கு ஒருபோதும் பொருந்தாது. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் நீக்கி எண்ணினால் மொத்த எழுத்தும், அதிலிருந்து புள்ளிகளின் தொகையைக் கழித்தால் ஒற்று நீங்கிய எழுத்தும் கிடைக்கும். பழனிசெட்டிபட்டியில் 15 குறியெண்களுள் ஆறு சார்புக்குறிகள் போக 9. அதில் இரண்டு புள்ளிகள் போக 7.

இங்கு ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். அடிக்கோடு எதனை ஒரு குறியாகக் கொள்கிறது என்பதைக் குறியாக்கம் முடிவுசெய்கிறது. மொழி-வட்டார அமைவைத் தமிழுக்கு மாற்றுவதால் மட்டும் 'டி' என்பது ஒரே அலகாகிவிடாது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு ஏற்பளித்த தமிழ் அனைத்தெழுத்துக் குறியாக்கம் ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக்குறியெண் வழங்கியதன் அடிப்படை நோக்கங்களுள் இவ்வலகுச் சிக்கலைத் தீர்ப்பதும் ஒன்று. எனினும் உலகப் பொதுப் பயன்பாட்டில் நிலைபெற்றது ஒருங்குறியே. ஆதலின் அதன் இயல்பை அறிந்து வினவுதலே ஆய்வாளர்க்கு உரிய வழி.

3. வரிசையும் வீச்சும்

மொழி-வட்டார அமைவு நேரடியாக ஆளும் பகுதி ஒப்பீட்டு வரிசையாகும். ஒருங்குறியில் தமிழ் மெய்களின் அடுக்கு நெடுங்கணக்கை முழுமையாகப் பின்பற்றவில்லை. னகரம் நகரத்தையும், றகரம் ரகரத்தையும் அடுத்து நிற்கின்றன. ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன் வருகின்றன. ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையில் உள்ளது.

இதன் விளைவைத் தகர ஏகாரத்தில் தொடங்கும் மூன்று ஊர்ப்பெயர்களில் காணலாம். குறியெண் வரிசையில் தேனி, தேவதானப்பட்டி, தேவாரம் என்று அடுக்கப்படும். நெடுங்கணக்கு வரிசையில் தேவதானப்பட்டி, தேவாரம், தேனி என்று அடுக்கப்பட வேண்டும். வகரத்துக்குப் பின்னரே னகரம் வருதலே காரணம். புள்ளியின் இடமும் இவ்வாறே பிறழ்கிறது. இன்று பரவலாகப் பின்பற்றப்படும் அகராதி முறையில் மெய், தன் உயிர்மெய் வரிசைக்கு முன் நிற்கும். அதன்படி உத்தமபாளையம் முன்னும் உதகமண்டலம் பின்னும் வரும். குறியெண் வரிசையில் புள்ளியின் எண் எல்லா மெய்களின் எண்ணினும் பெரியதாகையால் உதகமண்டலம் முந்திவிடும்.

இத்தகைய சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஸ்பானிய மொழியில் இரு ரோமன் எழுத்துகள் சேர்ந்த சில கூட்டெழுத்துகள் நெடுங்காலம் தனியெழுத்தாக அடுக்கப்பட்டன. 1994இல் அம்மொழிக் கழகங்களின் கூட்டமைப்பு அவ்வழக்கத்தைக் கைவிட்டது. இரு குறிகள் சேர்ந்து வரிசையில் ஓரலகாதல் என்பது ஒப்பீட்டு வரிசைக் கோட்பாட்டில் முன்பே அறியப்பட்டதே. 'க்' என்பதனையும் அவ்வாறு ஓரலகாகக் கருதும்படி வரிசை விதியை வகுக்க இயலும்.

அடுக்குப் பிறழ்ச்சி தோற்றக்குறை மட்டும் அன்று. 'இவ்வெழுத்து முதல் அவ்வெழுத்து வரை' என்னும் வீச்சு வினவல் முழுவதும் வரிசையைச் சார்ந்தது. இடையின எழுத்துகளை ஆராய்வார் ஒருவர் சுருங்குறித் தொடரில் [ய-வ] என்று எழுதுவதாகக் கொள்வோம். நெடுங்கணக்கை மனத்தில் கொண்டவர் அதில் ய, ர, ல, வ என்னும் நான்கினை எதிர்பார்ப்பார். குறியெண் வரிசையில் அதே வீச்சு ய, ர, ற, ல, ள, ழ, வ என்னும் ஏழு எழுத்துகளைக் கொள்ளும். அவற்றுள் றகரம் வல்லினம். போசிக்ஸ் தரநிலையோ 'சி' அமைவுக்கு வெளியே இத்தகைய வீச்சின் பொருளை வரையறுக்காமலே விட்டுள்ளது. ஆகவே இலக்கண வகைகளை வீச்சாக எழுதாது, [யரலவழள], [கசடதபற] என உறுப்பெழுத்துகளை எண்ணி எழுதுதலே பிழையற்ற முறை. அவ்வாறு எழுதினாலும் அத்தொகுதி மெய்யையும் உயிர்மெய்யையும் ஒருசேரக் கொள்ளும். ஒற்றை மட்டும் வேண்டின் தொகுதியின் பின் புள்ளியையும் சேர்த்தல் வேண்டும்.

4. சொல்லெல்லையும் எழுத்துவகையும்

சுருங்குறித் தொடர்களில் 'ஏதேனும் ஓர் எழுத்து' என்னும் பொதுவகை உண்டு. எது எழுத்து என்பதை மொழி-வட்டார அமைவின் எழுத்துவகைப் பிரிவு கூறும். 'சி' அமைவில் ரோமன் எழுத்துகள் மட்டுமே எழுத்துகள். அவ்வமைவில் நிறுவப்பட்ட தளத்தில் 'எழுத்துகளால் ஆன சொல்' என்று தேடினால் தமிழ்ச்சொல் ஒன்றும் அகப்படாது. பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. வெற்று விடை மட்டுமே வரும்.

ஒருங்குறியின் பண்புகளைப் பின்பற்றும் கருவிகளிலும் ஒருமைப்பாடு இல்லை. ஒருங்குறியின் பொதுவகைப் பகுப்பில் உயிரெழுத்துகளும் அகரமேறிய மெய்களும் 'எழுத்து' என்னும் வகையின. உயிர்க்குறிகளும் புள்ளியும் 'சார்புக்குறி' என்னும் வகையின. 'எழுத்துத்தன்மை' என்னும் வேறொரு பண்பில் உயிர்க்குறிகள் அடங்கும். புள்ளி அடங்காது. இவ்விரு வரையறைகளுள் கருவி எதனைக் கைக்கொண்டது என்பதற்கேற்பப் 'பட்டி' என்னும் சொல் உடைபடும் முறை மாறுகிறது. முதல் வரையறையில் அது 'பட', 'ட' என இரண்டு துண்டாகும். இரண்டாவதில் புள்ளியிருந்த இடத்தில் அறுந்து 'பட', 'டி' என இரண்டாகும். பைத்தான் மொழியின் இயல்பான சுருங்குறிக் கூறு முதல் வகையைச் சார்ந்தது. அக்கூற்றால் சொல் பிரித்து, அதன்மேல் சொல்லெண்ணிக்கை கணக்கிட்ட ஆய்வின் முடிவுகள் தமிழ்ச் சொற்களைப் பற்றியன ஆகா.

சார்புக்குறி தனியலகாக நிற்பதால் எழும் மற்றொரு நுட்பம் உண்டு. ஒற்று மிகுதலும் மிகாமையும் ஆராய்வார், பழனிசெட்டிபட்டி, பழனிச்செட்டிபட்டி என்னும் இருவழக்கையும் ஒரே தோரணியில் பிடிக்க விரும்பலாம். 'இருக்கலாம், இல்லாதிருக்கலாம்' என்பதைக் காட்டும் வினாக்குறியை இட்டு 'பழனிச்?செட்டி' என்று எழுதினால், வினாக்குறி தனக்கு முன்னுள்ள புள்ளியை மட்டுமே சாரும். அத்தோரணிக்குப் 'பழனி'யை அடுத்து ஒரு சகரம் வந்தே ஆக வேண்டும். ஆகவே ஒற்று மிகாத வழக்கு விடுபட்டுப்போகும். 'பழனி(ச்)?செட்டி(ப்)?பட்டி' என அடைப்புக்குள் இட்டு ஒற்றெழுத்தை ஓரலகாக்கினால் மட்டுமே ஒற்று மிக்கதும் மிகாததுமாகிய எல்லா வழக்குகளும் அகப்படும்.

5. ஒரு வடிவம், பல குறியெண்கள்

பழனிசெட்டிபட்டியை அடுத்துள்ள வீரபாண்டியின் கௌமாரியம்மன் கோயில் தேனி வட்டாரத்தில் புகழ்பெற்றது. அப்பெயரின் முதலெழுத்து இக்கட்டுரையின் மையச் சிக்கலை முழுமையாகக் காட்டுகிறது. கணினிப் பதிவுகளில் அது நான்கு வகையாக அமையக்கூடும்.

முதல் வகை, ககரத்தின் பின் ஔகாரக்குறி ஒரே குறியெண்ணாக (3020) வருவது. இரண்டாம் வகை, அதே ஔகாரக்குறி எகரக்குறியாகவும் (3014) வலப்பக்கத் துணைக்குறியாகவும் (3031) இரண்டாகப் பிரிந்து வருவது. மூன்றாம் வகை, எகரக்குறியின் பின் துணைக்குறிக்கு மாற்றாக ளகர எழுத்தே (2995) இடப்பெறுவது. நான்காம் வகை, 'கவுமாரி' என வேறு எழுத்துகளால் எழுதப்படுவது. முதல் மூன்றும் திரையில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். படிப்பவர் கண்ணுக்கு அவை ஒரே பெயர். கணினிக்கு நான்கும் வெவ்வேறு பெயர்கள்.

முதலிரண்டும் சமமானவை என்று ஒருங்குறித் தரநிலையே அறிவித்துள்ளது. ஒகர, ஓகாரக் குறிகளுக்கும், தனி ஔகார எழுத்துக்கும் இவ்வறிவிப்புப் பொருந்தும். சமமானவற்றை ஒரே வடிவுக்குக் கொணர்தல் இயல்பாக்கம் எனப்படும். சேர்ப்பு இயல்பாக்கம் இரண்டாம் வகையை முதல் வகையாக மாற்றிவிடும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 13ஆம் பதிப்பு முதல் (2020) இதற்குரிய செயற்கூறு தரவுத்தளத்துக்குள்ளேயே கிடைக்கிறது.

இயல்பாக்கம் செய்யப்படாத தளத்தில் விடுபடுதல் மட்டுமன்றி மிகைபடுதலும் நிகழும். கொடுவிலார்பட்டி என்னும் ஊர்ப்பெயரின் ஒகரக்குறி பிரிந்த நிலையில் பதிவாகியிருந்தால், அதன் தொடக்கம் ககரம், எகரக்குறி, ஆகாரக்குறி என்றாகும். 'கெ%' என்று தேடுபவருக்குக் கெங்குவார்பட்டியோடு கொடுவிலார்பட்டியும் வரும். 'கொ%' என்று சேர்ந்த குறியால் தேடுபவருக்கு அது வராது. பழைய எழுத்துருக் குறியாக்கங்களிலிருந்து மாற்றப்பட்ட தொகுப்புகளில் இந்நிலை ஏற்படுதல் எளிது. டிஸ்கி முதலிய குறியாக்கங்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எகரக்குறியை மெய்க்கு முன்னும் ஆகாரக்குறியை மெய்க்குப் பின்னும் தனித்தனியே வைத்தவை. மாற்றி நிரல் அவற்றை இடம்மாற்றியதோடு நின்று, ஒன்றுசேர்க்காது விட்டால் பிரிந்த வடிவமே எஞ்சும்.

மூன்றாம் வகையை எவ்வியல்பாக்கமும் திருத்தாது. தரநிலையின் நோக்கில் அது பிழையற்ற வேறொரு தொடர். 'கெள' என வரும் இடங்களையெல்லாம் கண்மூடி 'கௌ' என மாற்றுதலும் ஆகாது. கெளிறு, கெளுத்தி என்னும் மீன்பெயர்களில் எகரமும் ளகரமும் உண்மையாகவே உள்ளன. ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடங்களை மட்டும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் பார்த்துத் திருத்துதலே ஏற்றது. திருவில்லிபுத்தூரின் வடமொழி வழிப்பட்ட எழுத்து வழக்கிலும் இவ்வாறே ஒரு சிக்கல் உள்ளது. 2005இல் ஒருங்குறி 4.1ஆம் பதிப்பில் 'ஶ' சேர்க்கப்பட்ட பின்னர், 'ஸ்ரீ' என்னும் கூட்டுவடிவம் ஸகரத்தில் தொடங்கியும் ஶகரத்தில் தொடங்கியும் எழுதப்படுகிறது. பல எழுத்துருக்களில் இரண்டின் தோற்றமும் ஒன்றே. தரநிலை அவற்றைச் சமமென அறிவிக்கவில்லை.

இதற்கு மறுதலையான நிலையும் நோக்கத்தக்கது. 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 உயிர்மெய்களின் வரிவடிவம் மாறிற்று. பழைய வடிவில் அச்சிட்ட நூலும் புதிய வடிவில் அச்சிட்ட நூலும் கண்ணுக்கு வேறுபடும். ஒருங்குறியில் இரண்டுக்கும் குறியெண் ஒன்றே. வேறுபாடு எழுத்துருவில் மட்டுமே உள்ளது. கண்ணுக்கு வேறாகத் தோன்றுவது தேடலில் ஒன்றாதலும், ஒன்றாகத் தோன்றுவது தேடலில் வேறாதலும் ஒருங்கே நிகழ்கின்றன. ஆகவே திரைத்தோற்றத்தை ஆய்வாளர் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

6. ஒப்பீட்டு வரிசை 'லைக்' செயலியை மாற்றுமா?

ஒப்பீட்டு வரிசையைத் தமிழுக்கு மாற்றினால் தோரணிப் பொருத்தமும் தமிழ்நெறிப்படி அமையும் என்னும் எதிர்பார்ப்பு இயல்பானது. இதற்கான விடை தளத்துக்குத் தளம் வேறுபடுகிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தளத்தின் வழக்கமான ஒப்பீட்டு வரிசைகள் 'நிர்ணய' வகையின. அவற்றில் இரு தொடர்கள் சமமாக வேண்டுமாயின் பைட்டுக்குப் பைட்டு ஒன்றாதல் வேண்டும். 'லைக்' செயலியும் குறியெண்களையே ஒப்பிடும். எனவே தமிழ் அமைவுக்கு மாற்றினால் அடுக்கு மாறும். 'லைக்' தரும் விடை மாறாது.

சமமானவற்றைச் சமமெனவே கொள்ளும் 'நிர்ணயமற்ற' வரிசைகள் அத்தளத்தின் 12ஆம் பதிப்பில் (2019) அறிமுகமாயின. அவற்றோடு 'லைக்' செயலியைப் பயன்படுத்தும் வாய்ப்பு 18ஆம் பதிப்பில்தான் (2025) வந்தது. மைஎஸ்கியூஎல் தளத்தில் 'லைக்' செயலி ஒவ்வொரு குறியையும் ஒப்பீட்டு வரிசையின்படியே ஒப்பிடுகிறது. ஆனால் குறிக்குக் குறியாக ஒப்பிடுவதால், ஒரு குறி இருகுறிக்கு ஈடாகும் நிலைகளில் சமன்குறி தரும் விடையும் 'லைக்' தரும் விடையும் மாறுபடலாம். ஒரே தொகுப்பை இரு தளங்களில் ஏற்றி ஒரே வினவலை இயக்கினாலும் விடை ஒன்றாகும் என்பதற்கு உறுதியில்லை.

7. சுட்டு அட்டவணையின் நம்பகம்

பெரிய தொகுப்புகளில் தேடல் விரைவாக நிகழச் சுட்டு அட்டவணை வேண்டும். அது அகராதிபோல் முன்கூட்டியே அடுக்கப்பட்ட பட்டியல். 'தே%' என்னும் முன்னொட்டுத் தேடலைத் தளம் 'தே முதல், தே-வை அடுத்த குறியெண்தொடர்க்கு முன்வரை' என்னும் வீச்சாக மாற்றிக்கொள்ளும். இம்மாற்றம் குறியெண் வரிசையில் மட்டுமே உறுதியாகச் செல்லும். மொழிசார் வரிசையில் இருகுறிகள் ஓரலகாக அமையக்கூடுமாதலின், ஒரு முன்னொட்டைக் கொண்ட சொற்கள் யாவும் அடுத்தடுத்து நிற்கும் என்று கொள்ள இயலாது. ஆகவே மொழிசார் அமைவில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் வழக்கமான சுட்டு அட்டவணையை முன்னொட்டுத் தேடலுக்குப் பயன்படுத்தாது. தோரணிக்கென்று தனி அட்டவணை அமைத்தல் வேண்டும். இவ்வேறுபாடு விரைவை மட்டும் தொடுவது. விடையைத் தொடுவதன்று.

விடையையே தொடும் நிலை ஒன்றும் வரலாற்றில் நிகழ்ந்துள்ளது. லினக்ஸ் இயக்குதளத்தின் ஜிலிப்சி நூலகம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட 2.28ஆம் பதிப்பில் ஒப்பீட்டு வரிசைத் தரவுகளைப் பெருமளவு புதுப்பித்தது. பழைய வரிசையில் அடுக்கிய சுட்டு அட்டவணையைக் கொண்ட தளங்கள் இயக்குதள மேம்பாட்டுக்குப் பின் புதிய வரிசையில் அவ்வட்டவணையைத் தேடத் தொடங்கின. வரிசை மாறிய அகராதியில் பழைய பக்க எண்ணைக் கொண்டு சொல் தேடுவது போன்ற நிலை இது. தளத்தில் உள்ள பதிவு 'இல்லை' என விடை வந்தது. ஒருமை காக்க வேண்டிய புலங்களில் இரட்டைப் பதிவுகள் நுழையவும் வழி ஏற்பட்டது. சுட்டு அட்டவணைகளை மீளக் கட்டுதலே தீர்வாயிற்று. ஆண்டுக்கணக்கில் பேணப்படும் இலக்கியத் தொகுப்புகளை நடத்துவோர், இயக்குதளம் மேம்படுத்தப்படும் ஒவ்வொரு முறையும் இதனை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

8. அமைவின் எல்லை

மேற்கூறியவற்றை மூன்று அடுக்காகத் தொகுக்கலாம். முதலடுக்கு, குறியாக்கச் சமன்மை. பிரிந்த ஒகரமும் சேர்ந்த ஒகரமும் இதன்பாற்படும். இதனை இயல்பாக்கம் தீர்க்கும். இரண்டாமடுக்கு, வரிசையும் எழுத்துவகையும். இதனை மொழி-வட்டார அமைவு ஆளும். மூன்றாமடுக்கு, எழுத்து வழக்கு. கௌ–கவு, ஆண்டிபட்டி–ஆண்டிப்பட்டி, இடைவெளியிட்டு எழுதுதலும் சேர்த்து எழுதுதலும் இதன்பாற்படும். சுவடிகளில் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு காட்டப்பெறாமையால் பதிப்புக்குப் பதிப்பு மாறும் பாடங்களும் இவ்வடுக்கினவே. இவற்றை எந்த அமைவும் தீர்க்காது. எவை ஒரு சொல்லின் வழக்குகள், எவை வேறு சொற்கள் என்னும் முடிவு இலக்கண அறிவும் வட்டார அறிவும் உடையவரால் செய்யப்படுவது. ஆண்டிபட்டியும் ஆண்டிப்பட்டியும் ஓர் ஊர்ப்பெயர் என்பதைத் தேனி வட்டாரத்தார் அறிவர். நிரல் அறியாது.

9. கடைப்பிடிக்கத்தக்க நெறிகள்

தொகுப்பினைத் தளத்தில் ஏற்றும்போதே சேர்ப்பு இயல்பாக்கம் செய்தலும், வினவற்சொல்லையும் அவ்வாறே இயல்பாக்குதலும் முதற்கடன். மூலவடிவை அழிக்காது தனிப்புலத்தில் காத்து, தேடலுக்கென இயல்பாக்கிய புலம் ஒன்றை உடன்வைத்தல் பாடவேறுபாட்டு ஆய்வுக்கு இன்றியமையாதது.

தளத்தின் வரிசையை நம்புமுன் சிறு சோதனை செய்தல் வேண்டும். தேவதானப்பட்டி, தேவாரம், தேனி, உத்தமபாளையம், உதகமண்டலம் ஆகிய ஐந்து பெயர்களை ஏற்றி அடுக்கச் செய்தால் போதும். உத்தமபாளையம், உதகமண்டலம், தேவதானப்பட்டி, தேவாரம், தேனி என வந்தால் வரிசை அகராதி நெறியைச் சார்ந்தது. தேனி தேவாரத்துக்கு முன் வந்தால் அது குறியெண் வரிசை.

ஐயத்திற்குரிய எழுத்தைத் தவிர்த்துச் சொல்லின் நிலைத்த பகுதியால் தேடுதல் நல்ல உத்தி. '%மாரியம்மன்%' என்னும் தோரணி கௌமாரியம்மனின் நால்வகைப் பதிவையும் கொணரும். மிகையாக வருவனவற்றைக் கண்ணால் நீக்கலாம். விடுபட்டவற்றை அவ்வாறு கண்டறிய இயலாது. ஆகவே முதலில் அகலமாகத் தேடி, பின்னர்க் குறுக்குதலே ஆய்வுக்குப் பாதுகாப்பானது. அதன்பின் இயல்பாக்கிய புலத்தில் '^(கௌ|கெள|கவு)மாரி' போன்ற தோரணியால் வழக்குகளை வகைப்படுத்தலாம்.

இறுதியாக, ஆய்வுமுறை கூறும் பகுதியில் தளத்தின் பெயர், பதிப்பு, குறியாக்கம், மொழி-வட்டார அமைவு, இயல்பாக்க வடிவம், தேடல் தோரணி ஆகியவற்றைக் குறிப்பிடுதல் வேண்டும். பதிப்பாசிரியர் தாம் ஒப்பிட்ட சுவடிகளைப் பட்டியலிடுதல் எத்துணை இன்றியமையாததோ அத்துணை இன்றியமையாதது இது.

10. முடிவுரை

தரவுத்தள வினவல் தமிழ் எழுத்தைக் காண்பதில்லை. குறியெண்களின் தொடரையே காண்கிறது. அத்தொடருக்கு வரிசையும் வகையும் தருவது மொழி-வட்டார அமைவு. அதன் ஆட்சி வரிசை, வீச்சு, எழுத்துவகை, சுட்டு அட்டவணை ஆகியவற்றோடு அமைகிறது. எழுத்தலகினை அது மாற்றுவதில்லை. எழுத்து வழக்கினை அது அறிவதில்லை. இவ்வெல்லையை உணராது பெற்ற எதிர்மறை விடையை 'சொல் பயிலவில்லை' என்னும் ஆய்வுமுடிவாக உயர்த்துதல் சான்றுக்கு மீறிய கூற்றாகும். 'இன்ன அமைவில், இன்ன தோரணியில் அகப்படவில்லை' என்று கூறுதலே சான்றளவான கூற்று. இவ்விரு கூற்றுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் பணியில் கணினியாளரின் கருவியறிவும் தமிழாசிரியரின் எழுத்தறிவும் ஒருங்கே தேவைப்படுகின்றன.